செக்கிங் தங்கச்சாமி வீட்டில் டைல்ஸ் போட்ட நாள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கச்சாமி வீடு எது என்று கேட்டால் எந்தத் தங்கச்சாமி என்பார்கள். செக்கிங் தங்கச்சாமி என்று சொன்னால்தான் சரியான வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். அரசு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலைக்குத்தான், சந்தேகத்துக்கு இல்லை.

பணியில் இருந்த காலத்தில் அவர் பஸ் நிறுத்தத்தில் நின்று பஸ் ஏறியதே கிடையாது. புளியமரத்துக்குப் பின்னால் நிற்பார், டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் நிற்பார், ஒருமுறை யாருடைய கல்யாண ஊர்வலத்திலோ கலந்து நடந்து வந்து, பஸ் வேகம் குறைந்ததும் தாவி ஏறினார். யாரும் பார்க்காதபோது ஒரு மனிதன் என்ன செய்கிறானோ அதுதான் அவன், மற்றதெல்லாம் வேஷம் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர்.

வீட்டிலும் அதே ஆட்சிதான். சிலிண்டர் போட வருபவர் அடுப்படிக்குப் போனால் இவரும் பின்னாலேயே போவார். ஃபேன் மாட்ட வந்த எலக்ட்ரீசியன் ஸ்டூலில் ஏறினால், இவர் பக்கத்தில் இன்னொரு ஸ்டூலைப் போட்டு ஏறி நிற்பார். "ஏங்க, அவரு என்ன ஃபேனைத் தூக்கி மடியிலயா கட்டிட்டுப் போயிருவாரு?" என்று மனைவி குருவம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள். அவர் காதில் விழாது.

இப்படிப்பட்டவருக்கு மகள் சிவரஞ்சனி ஒரு மாப்பிள்ளையைத் தானே தேடிக்கொண்டாள். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் கணக்கு பார்க்கப் போனவள், தினமும் ஏறி இறங்கிய மினி பஸ்ஸின் சொந்தக்காரனும் டிரைவருமான கௌதம்ராஜைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். அரசு பஸ்ஸில் வாழ்நாளைக் கழித்தவருக்கு மினி பஸ்காரன் மருமகன்! சாதியும் ஒன்றுதான், பையனிடம் குறை சொல்லவும் ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே திரிந்தார். மகள் எதிரே வந்தால் செய்தித்தாளை விரித்துக்கொள்வார். அவளும் அப்பாவிடம் சிரித்துப் பேசுவதை விட்டுவிட்டாள். கடைசியில் ஒருநாள், "என்னமும் செய்ங்க" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டாள் குருவம்மாள்.

உண்மையில் அவருக்கு அப்போதே மனசு இளகிவிட்டது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் வரவில்லை. நிச்சயத்தன்று முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து, தன் கையால் தாம்பூலத் தட்டை மாற்றிக்கொண்டால் மகளுக்குத் தானாகப் புரிந்துவிடும் என்று இருந்தார்.

நிச்சயம் வெள்ளிக்கிழமை சாயங்காலம், ராஜபாளையத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்து மண்டபத்தில். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் இங்கே விருந்துக்கு வருகிறார்கள். இவர்கள் வீட்டு ஹாலிலோ தரை பெயர்ந்து பல்லை இளித்துக்கொண்டு கிடந்தது. டைல்ஸ் போடும் ஜெபதுரைக்கு அந்த வெள்ளிக்கிழமையை விட்டால் வேறு நாள் ஒழியவில்லை.

"சாவிய எதிர்வீட்டு ஹெப்சிபா டீச்சர்கிட்ட குடுத்துட்டுப் போவோம். நாம வாரதுக்குள்ள அவிய வேலைய முடிச்சு வச்சிருப்பாக" என்றாள் குருவம்மாள்.

"ஆளில்லாத வீட்டுக்குள்ள ஆள விடுததா?" தங்கச்சாமி பதறினார்.

"நீங்க இருந்தா அந்த மனுசனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. பேசாம வாங்க."

தங்கச்சாமி விட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "சரி, நீங்க காலைல மொத பஸ்ஸுக்குப் போங்க. சாவியக் குடுத்துட்டு நான் பொறவு வாரேன்" என்றார். இவ்வளவு சுலபமாக அவர் ஒத்துக்கொண்டபோதே குருவம்மாள் உஷாராகியிருக்க வேண்டும். பாவம், அவளுக்கு ஜாக்கெட் தைத்து வராத கவலை.

வெள்ளிக்கிழமை காலை மனைவியையும் மகளையும் அனுப்பிவிட்டுக் குளித்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. டீச்சரிடம் சாவியைக் கொடுத்து, தெரு முழுக்கக் கேட்கும்படி "நிச்சயத்துக்குப் போயிட்டு வாரேன் டீச்சர்" என்றார். முக்கில் திரும்பினார். பின்சந்து வழியாகச் சுற்றி வந்தார். டீச்சர் அடுப்படிப் பக்கம் போனதும் மாற்றுச் சாவியால் தன் வீட்டுக் கதவைத் தானே திருடனைப் போலத் திறந்து உள்ளே நுழைந்து, மறுபடி உள்ளிருந்து பூட்டினார். ஹால் சாமான்களையெல்லாம் அடைத்து வைத்திருந்த படுக்கையறைக்குள் புகுந்து, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். பீரோவுக்கும் கிரைண்டருக்கும் இடையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தால் கதவிடுக்கு வழியாக ஹால் முழுதும் தெரிந்தது. பல வருஷங்களுக்குப் பிறகு உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருந்தது. மத்தியானம்வரை பார்ப்பது, கையும் களவுமாகப் பிடிப்பது, அடுத்த பஸ்ஸில் ராஜபாளையம் போய்விடுவது என்று திட்டம்.

ஜெபதுரையும் கூட்டாளி முத்துப்பாண்டியும் வந்தார்கள். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்கள். நூல் பிடித்தார்கள், கலவை போட்டார்கள், ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். திருடவில்லை. பீடிகூட வாசலுக்குப் போய்த்தான் குடித்தார்கள். அடுப்படியில் இருந்த வாழைப்பழத்தை முத்துப்பாண்டி எட்டிப் பார்த்தபோது தங்கச்சாமி மூட்டையில் இருந்து பாதி எழுந்துவிட்டார். அவன் அங்கிருந்து கைகழுவ ஒரு செம்பு தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தான். தங்கச்சாமிக்குப் பெருத்த ஏமாற்றம்.

பிறகு முத்துப்பாண்டிக்குப் பொழுது போகவில்லை போலும். ரப்பர் சுத்தியலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மூக்கை உயர்த்தி, ஒவ்வொரு டைல்ஸாகக் கேட்க ஆரம்பித்தான். "டிக்கெட்? எங்க ஏறுன? அரை டிக்கெட் எடுத்துட்டு எம்புட்டு பெருசா வந்து படுத்திருக்க? ஏலே, டிக்கெட் எடுக்காத டைல்ஸ் எல்லாம் எறங்கு!"

ஜெபதுரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தங்கச்சாமிக்கு முதலில் ரத்தம் கொதித்தது. அப்புறம் பார்த்தால் வேட்டி நுனியை வாயில் அடைத்துக்கொண்டு அவரும் குலுங்கிக் கொண்டிருந்தார். பாவிப்பயல் அந்த மூக்கைக்கூட விடவில்லை!

"அது கெடக்கட்டும்ணே" என்றான் முத்துப்பாண்டி. "இந்த ஆளு நிச்சயத்துக்குப் போயிருப்பாருன்னா நெனைக்கீக? கடைசி நேரத்துல நெஞ்சு வலின்னு எங்கயாச்சும் படுத்துருவாருன்னுதான் ஊரே பேசுது. அந்தப் பிள்ள மொகத்துலயும் களையே இல்ல."

"வாய மூடுலே" என்றார் ஜெபதுரை. "காலைல வெள்ளையும் சொள்ளையுமா போறத இந்தக் கண்ணால பாத்தேன். எம்புட்டு கோவம் இருந்தாலும் பெத்த பிள்ளைக்கு நிக்காம இருப்பாரா? இந்நேரம் மண்டபத்துல மொத நாற்காலில உக்காந்திருப்பாரு மனுசன்."

மொத நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டிய மனுசன் அரிசி மூட்டைமேல் கூனிக் குறுகிப் போனார். அப்போதே கதவைத் திறந்து வெளியே வந்திருக்கலாம்தான். தன்னை நம்பிப் பேசியவர் முன்னால் எந்த முகத்தோடு வந்து நிற்பது? இவர்கள் சாப்பிடப் போகட்டும், நைசாக நழுவிவிடலாம் என்று காத்திருந்தார்.

அவர்கள் சாப்பிடப் போகவில்லை. வேலையை முடித்துவிட்டே போவோம் என்று ஒரே மூச்சாகப் பதித்தார்கள். தங்கச்சாமி பஸ்ஸில் பார்க்காத வித்தை உண்டா? டைல்ஸ் போடுவதில் உள்ள சின்ன விஷயம் மட்டும் அவருக்குத் தெரியாமல் போனது. உள்ளறை ஓரத்தில் தொடங்கி, பதித்துக்கொண்டே பின்னால் நகர்ந்து, வாசல் வழியாக வெளியேறுவார்கள். கடைசி டைல்ஸைத் தட்டி மட்டம் பார்த்த ஜெபதுரை, "நாளைக் காலை வரைக்கும் ஒரு ஈ காக்கா மிதிக்கப்படாது" என்று சொல்லிக் கதவைப் பூட்டிக்கொண்டு போனார். தங்கச்சாமி தாழ்ப்பாளைத் திறந்தார். எதிரே பளபளவென்று ஈரத்தரை. வெளியே போக வேறு வழி கிடையாது.

மிதித்துக்கொண்டு போகலாமா? காலை வைத்தால் டைல்ஸ் அமுங்கும். ஞாயிற்றுக்கிழமை விருந்து. அதைவிடப் பெரிய சிக்கல், அமுங்கிய தடம் உள்ளறையில் இருந்து வாசலுக்கு மட்டும் போகும். வந்த தடம் இருக்காது. தடயம் பார்த்தே காலம் தள்ளியவருக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

போன் அதிர்ந்தது. குருவம்மாள்.

"எங்க இருக்கீக?"

"பஸ்ல."

"பஸ் சத்தமே கேக்கலையே?"

தங்கச்சாமி ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. பக்கத்தில் இருந்த கிரைண்டரின் பிளக்கைச் சொருகிச் சுவிட்சைத் தட்டினார். வெறும் கல் கடகடவென்று சுற்றியது. அச்சு அசல் அரசு பஸ்.

"இப்பக் கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. எப்ப வந்து சேருவீக? மாப்ள வீட்டாளுக எல்லாரும் வந்தாச்சு."

எப்போது வந்து சேர முடியும்? கிரைண்டரை அணைத்தார். "அய்யய்யோ, வண்டி நின்னு போச்சு பாரு!"

"எந்த எடத்துல? மாப்ளைய அனுப்புதேன்."

போனை வைத்துவிட்டார். இப்படி ஒரு பொய்யைப் பயணி எவனாவது சொல்லியிருந்தால் அடுத்த நிறுத்தத்திலேயே இறக்கிவிட்டிருப்பார்.

பிறகு நேரம் ஓட்டமாக ஓடியது. ஒரு காலைத் தரைக்கு மேலே நீட்டுவார், மடக்கிக்கொள்வார். மூட்டையில் உட்காருவார், எழுந்திருப்பார். மகளின் முகம் ஞாபகத்துக்கு வந்தால் மறுபடியும் காலை நீட்டுவார். அந்நேரம் சந்துப்பக்க ஜன்னலில் நிழல் தட்டியது. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் பட்டு வேட்டியும் மாலையில் இருந்து உதிர்ந்த பூ ஒட்டிய சட்டையுமாகக் கௌதம்ராஜ் நின்றான். தெருவில் அவன் மினி பஸ் நின்றது.

"வழி நெடுகப் பாத்துட்டு வாரேன் மாமா. எந்த வண்டியும் நிக்கல. டீச்சர்கிட்ட கேட்டா காலைலயே போயிட்டீகன்னாக. சும்மா வீட்ட ஒரு சுத்து சுத்திப் பாப்போம்னு வந்தேன்." அவன் முகம் வாடியிருந்தது. "ஒங்களுக்குப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிருங்க மாமா. ரூமப் பூட்டிக்கிட்டு இப்படி உக்காந்திருக்கணுமா?"

"அதெல்லாம் இல்லய்யா!" என்று கத்தினார் தங்கச்சாமி. "நான் டைல்ஸ்காரங்களப் பிடிக்க ஒளிஞ்சிருந்தேன். அவனுவ என்னப் பிடிச்சுட்டானுவ!"

கௌதம்ராஜ் அவரைப் பார்த்தான். அவருக்குப் பின்னால் பிளக் சொருகிக் கிடந்த கிரைண்டரைப் பார்த்தான். அத்தைக்குப் போனில் கேட்ட பஸ் சத்தம் எது என்று புரிந்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவன், சிரித்துச் சிரித்துச் சந்திலேயே உட்கார்ந்துவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "எங்கயாச்சும் பலகை கெடச்சா ஓரமாப் போட்டு நடந்துறலாம் மாமா" என்றான்.

"பலகை தேடுனா நல்ல நேரம் போயிரும்." தங்கச்சாமி வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டினார். "முன்வாசலுக்கு வாய்யா."

பொதக். பொதக். ஒவ்வொரு அடிக்கும் ஒரு டைல்ஸ் ஓரம் இறங்கி, இடுக்கு வழியாகச் சிமெண்டுப் பால் பிதுங்கியது. ஜெபதுரை காலைமுதல் குனிந்து குனிந்து பதித்த தரையில் குதித்து ஓடியவர், மாற்றுச் சாவியால் வாசலைத் திறந்துகொண்டு தெருவில் வந்து விழுந்தார். எதிர்வீட்டு டீச்சர், "ஏசுவே, நீங்க எப்ப சார் உள்ள போனீங்க?" என்று கேட்டது காற்றோடு போயிற்று.

மினி பஸ் பறந்தது. காலியான பஸ்ஸின் நடுவில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, டிக்கெட் எடுக்காமல் பயணம் செய்தார் செக்கிங் தங்கச்சாமி. "நான் வண்டி பஞ்சர்னு சொல்லிக்கிடுதேன் மாமா, நீங்க ஒண்ணும் பேசாண்டாம்" என்றான் கௌதம்ராஜ். அவருக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. அவன் வண்டி ஓட்டிக் கொண்டிருந்ததால் விட்டுவிட்டார்.

மண்டபத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். தட்டுகள் தயாராக இருந்தன. எல்லாத் தலையும் வாசல் பக்கம் திரும்பியது. "மாமா வந்த வண்டி பஞ்சர்" என்று கௌதம்ராஜ் கணீரென்று சொன்னான். பெரியவர்கள் தலையாட்டினார்கள். அந்த ஆட்டலில் நம்பிக்கை இல்லை. குருவம்மாள் உதட்டைக் கடித்தாள். சிவரஞ்சனி மட்டும் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. பிடிக்காமல், யாரோ போய் இழுத்து வந்ததால் வந்திருக்கிறார் என்று அவள் முடிவு கட்டிவிட்டது தெரிந்தது. இந்தப் பஞ்சரை அவள் ஆயுளுக்கும் நம்பப் போவதில்லை.

தங்கச்சாமிக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"பஞ்சரும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார், ஓடும் பஸ்ஸில் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரலில். "அந்தத் தம்பி என் மானத்தக் காப்பாத்தப் பொய் சொல்லுது. வேலைக்காரங்க திருடுவாங்களோன்னு நான் என் வீட்டுக்குள்ளயே ஒளிஞ்சு கெடந்தேன். அவங்க டைல்ஸப் போட்டுட்டுப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. வெளிய வர வழியில்ல. பஸ் சத்தத்துக்கு கிரைண்டரப் போட்டேன்."

"கிரைண்டரா?" என்றாள் குருவம்மாள்.

யாரோ ஒருவர் களுக்கென்றார். அவ்வளவுதான், மண்டபமே இடிந்து விழுகிறாற்போல் சிரித்தது. புரோகிதர் பஞ்சாங்கத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். சிவரஞ்சனி மட்டும் சிரிக்காமல் எழுந்து அருகில் வந்தாள். குனிந்து அப்பாவின் கால்களைப் பார்த்தாள். கணுக்கால்வரை சிமெண்டு காய்ந்து வெளுத்திருந்தது.

"அப்ப நீங்க வராததுக்கு எம்மேல உள்ள கோவம் காரணம் இல்லியாப்பா?"

"இல்லம்மா."

"டைல்ஸ் ஈரமா இருந்ததுனாலதானா?"

"சத்தியமா அதுனாலதான் தாயி. காலைலயே வெள்ளை வேட்டி கட்டிட்டேன். வேணும்னா அந்த ஜெபதுரைகிட்ட கேட்டுப் பாரு."

சிவரஞ்சனிக்கு உதடு துடித்தது, கண் நிறைந்தது, பிறகு அவளும் சிரித்தாள். ஒரு வருஷமாகப் பூட்டி வைத்திருந்த சிரிப்பு. அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, பட்டுச்சேலை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் அவள் சிரித்த சிரிப்பில், நல்ல நேரம் முடியப்போகிறது என்று புரோகிதர் இரண்டு தடவை சத்தம் போட வேண்டியதாயிற்று.