வாரமடல் ஆசிரியர் தேர்தலில் நின்ற கதை

1985ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க் நகரில் நித்தியானந்தன் ‘வாரமடல்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். அவர் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். ஓய்வு நாளான திங்கட்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் இருந்த ரோணியோ என்னும் படியெடுக்கும் இயந்திரத்தில் பத்திரிகையை அச்சிட்டார். தமிழ்த் தட்டச்சுப்பொறி கிடைக்காமையால் நான்கு பக்கங்களையும் தாமே ஸ்டென்சில் தாளில் எழுதினார். அவருடைய முகத்தை அறியாதவர்களும் அவருடைய கையெழுத்தை அறிந்திருந்தார்கள்.

1987இல் தமிழர் சங்கத்தின் தலைவர் பதவிக்கு அவர் போட்டியிட்டார். நகரசபையில் தமிழருக்காக நேரில் பேசும் உரிமை தலைவருக்கே இருந்தது. இரண்டு ஆண்டுகளாகப் பத்திரிகையில் கேட்டவற்றை நேரில் கேட்க அவர் மிகவும் விரும்பினார்.

எதிர்த்து நின்றவர் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலைசெய்த அலோசியஸ்.

“அண்ணை, உங்கடை பேப்பரிலை எனக்கும் இடம் தருவியளோ? இல்லாட்டி உங்கடை புராணம் மட்டுந்தானோ?”

“முதல் பக்கத்தையே தாறன். எழுதிக்கொண்டு வாரும்.”

‘அலோசியஸையே தெரிவுசெய்யுங்கள்’ என்று தலைப்பிட்டு, அவருடைய நண்பர்கள் எழுதிய அறிக்கை வந்தது. நித்தியானந்தன் ஒரு சொல்லும் குறைக்காமல் அதை அழகாகப் படியெடுத்தார். தமது வேண்டுகோளை அடக்கமாகக் கடைசிப் பக்கத்தில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் வாக்குகளை எண்ணினார்கள். அலோசியஸுக்கு முப்பத்தெட்டு, நித்தியானந்தனுக்கு முப்பத்தொன்று.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த தில்லைநாயகி வியப்புடன் கேட்டார்: “ஏன் அண்ணை முகம் வாடிப்போச்சு? நீங்கள்தானே அலோசியஸுக்குப் போடச் சொன்னியள்!”

“நான் எப்ப சொன்னனான்?”

“முதல் பக்கத்திலை, உங்கடை கையாலை எழுதியிருந்தியளே. விலகிவிட்டியள் எண்டு நினைச்சு, எங்கடை வீட்டிலை நாலு பேரும் அவருக்குத்தான் போட்டம்.”

“கடைசிப் பக்கம் பாக்கேல்லையோ?”

“அதிலை எந்த நாளும் பஸ் நேரந்தானே வாறது. ஆர் வாசிக்கிறது?”

நித்தியானந்தன் தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார்.

இதைக் கேட்ட அலோசியஸ் ஓடி வந்தார். “அண்ணை, இது சரியில்லை. திரும்ப வாக்கெடுப்பு வைப்பமோ?”

“வேண்டாம். என்ரை எழுத்தை இவ்வளவு பேர் நம்புகினம் எண்டு இண்டைக்குத்தான் தெரிஞ்சுது. தலைவர் வேலையை நீர் பாரும்.”

“அப்ப நகரசபைக்கு என்னோடை வாங்கோ. உங்களுக்குத்தானே விஷயம் தெரியும்.”

“வாறன். ஆனா நீர் கதையும். நான் குறிப்பெடுக்கிறன், பேப்பருக்கு வேணும்.”

மறுநாள் அவர் ரோணியோ அருகே அமர்ந்து, ஸ்டென்சில் தாளில் தமது தோல்வியை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினார்.