ஐடா மிர்ச்சின் இரவல் வாங்கிய விளக்கெண்ணெய்

ஐடா மிர்ச்சினுக்கு நான் ஒரு கேலன் விளக்கெண்ணெய் கடன்பட்டிருந்தேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். இன்று அடிலெய்டில் கிளெம் டொபின் என்ற என் பெயர்ப்பலகையோடு நான்கு கராஜ்கள் நிற்கின்றன. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் எழுப்பியவை. யாரிடமும் கையேந்தாமல் மேலே வந்தவன் நான் என்று எத்தனையோ விருந்துகளில் மார்தட்டியிருக்கிறேன். அந்த ஒரு கேலனை மட்டும் கழித்துவிட்டால் அது உண்மைதான்.

ஐடா லோபெத்தால் ஊரின் கம்பளி ஆலையில் தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தில் காது பாதி போயிருந்ததால் எல்லோரிடமும் கத்தித்தான் பேசுவார். கணவர் காச நோயில் போன பிறகு வீட்டையும் ஆப்பிள் தோட்டத்தையும் ஒற்றை ஆளாகக் காத்தார். முதல் உலகப் போரின்போது அரசாங்கம், ஜெர்மானியர் குடியேறிய அந்த ஊரின் ஜெர்மன் பெயரைப் பிடுங்கிக்கொண்டு வேறு பெயர் சூட்டியிருந்தது. பழைய பெயர் திரும்பி வந்து மூன்று நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. "பேரை மட்டும் எடுத்துட்டுப் போனானுங்க, இந்த ஆலை நாத்தத்தையும் சேத்து எடுத்துட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்பார் ஐடா.

ஊர்ச் சாலைகளில் கார்ப் பந்தயம் நடக்கும் வாரத்தில் ஊர்க்காரர்கள் ஓட்டுநர்களை வீட்டில் தங்கவைப்பது வழக்கம். கார் ஆப்பிள் கொட்டகையில், ஆள் பின்கட்டில். 1939 புத்தாண்டுப் பந்தயத்துக்கு எனக்கு வாய்த்தது ஐடா வீடு. என் பழைய பிரெஞ்சுக் காரை நானே துண்டு துண்டாகப் பிரித்துப் பூட்டியிருந்தேன். அந்த மாநிலத்தில் அதுபோல் செய்ய இன்னொருவன் இருந்திருப்பான் என்று நான் நம்பவில்லை. சனிக்கிழமை ஒத்திகையில் ஆலை வளைவருகே எண்ணெய்க் குழாய் பிளந்தது. எஞ்சின் எண்ணெய் முழுவதும் சாலையில் கொட்டிவிட்டது. குழாயை அன்று மாலையே பற்றவைத்துவிட்டேன். எண்ணெய்க்கு எங்கே போவது? மறுநாள் ஞாயிறு, அதுவும் புத்தாண்டு. கடை எதுவும் திறக்காது. பந்தயமோ திங்கட்கிழமை.

காலையில் ஐடா தேவாலயத்துக்குக் கிளம்பியவர் கொட்டகையில் எட்டிப் பார்த்தார்.

"என்னடா, எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்க?"

"எண்ணெய் போச்சு அக்கா. நாளைக்கு ஓட முடியாது."

"பக்கத்துக் கொட்டகைக்காரன்கிட்ட கேளேன்."

"அவன் ஊத்துறது வேற எண்ணெய். ரெண்டும் சேந்தா பால் மாதிரி திரிஞ்சிடும், எஞ்சின் அவ்வளவுதான். இதுக்கு விளக்கெண்ணெய்தான் வேணும்."

"விளக்கெண்ணெயா? வயித்துக்குக் குடிக்கிறோமே, அதுவா?"

"அதேதான்."

"அட மடையா! இத நேத்தே சொல்றதுக்கென்ன? பைபிள் இல்லாத வீடுகூட இந்த ஊர்ல இருக்கலாம், விளக்கெண்ணெய் இல்லாத வீடு கிடையாது. எந்திரி!"

ஆராதனை முடிந்து கூட்டம் வாசலுக்கு வந்ததும் ஐடா விளக்கெண்ணெய் கேட்டுக் கத்தத் தொடங்கினார். நான் பையில் மிஞ்சியிருந்த சில்லறையை எடுக்கப் போனேன். கையில் பட்டென்று ஓர் அடி விழுந்தது.

"ஞாயித்துக்கிழமை காசைக் காட்டாத! இவங்க விக்கவும் மாட்டாங்க, வாங்கவும் மாட்டாங்க. இரவலாக் கேளு, குடுப்பாங்க."

"என்னை யாருக்குத் தெரியும் அக்கா?"

"என்னைத் தெரியும்ல."

அப்படித்தான் மருந்துக் குப்பிகள் வந்தன. பாதிக் குப்பி, கால் குப்பி, துரு ஏறிய மூடி, வாயில் துணி அடைத்தது. ஒவ்வொன்றும் ஐடா பெயரில் இரவல். மொத்தமும் சேர்ந்து பாதிகூடத் தேறவில்லை. மீதி பால்பண்ணை வைத்திருந்த ஹூகோ வுட்கேயிடம், கன்றுகளுக்குப் புகட்டும் டின்னில் இருந்தது.

"நாளைக்கு இவன் மரத்துல மோதிச் செத்தா யாரு குடுப்பா?" என்றார் வுட்கே.

"நான் குடுப்பேன்."

"ஆலையில வேலை இருந்தா குடுப்ப. ரேடியோ கேக்கறியா? மறுபடி சண்டை வரப்போகுது. வந்தா நம்மளத்தான் மொதல்ல ஜெர்மன்காரன்னு வெளிய தள்ளுவான். அப்புறம் எதை வெச்சுக் குடுப்ப?"

ஐடாவின் முகம் சிவந்தது.

"அப்படி குடுக்க முடியலன்னா இந்த வருஷத்து ஆப்பிள் பூராவும் உனக்கு. டின்னை எறக்கு, ஹூகோ."

ஆப்பிள்தான் அந்த வீட்டின் குளிர்காலச் சோறு. அதை என் எஞ்சினுக்குள் ஊற்றிவிட்டார் அந்த அம்மாள். அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை அனலாகக் கொதித்தது. நான் சீறிக்கொண்டு போன இடமெல்லாம் மருந்து வாசனை. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலியோரமாக ஓடினார்கள். மூன்றாவது ஆள் கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் போனான். எட்டிப் பிடித்திருப்பேன், என்னைவிட அந்த வளைவுகளை வேகமாக எடுத்தவன் கிடையாது. அந்த நேரத்தில் எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் கீழே சரிந்தது. வேறு நாளாயிருந்தால் எஞ்சின் வெடித்தாலும் விட்டிருக்க மாட்டேன். முதல் நான்கு பேருக்குத்தான் பரிசு. வண்டி வழியில் நின்றால் ஐடாவின் ஆப்பிள் வுட்கே வீட்டுக்குப் போகும். மிதியிலிருந்து காலைத் தளர்த்தினேன். நான்காவதாக வந்து சேர்ந்தேன். அப்படித் தோற்றதை நினைத்து நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

பரிசு உடனே கைக்கு வரவில்லை. யாரோ ஆட்சேபம் எழுப்ப, விசாரணை என்று இழுத்தார்கள். ஆப்பிள் பழுத்தது. வுட்கே வேலியருகே வந்து நின்று காய்களைப் பார்த்துவிட்டுப் போவதாக ஐடா கடிதம் போட்டார். கீழே ஒரு வரி: "நீ கவலைப்படாதே, அவனால் மரம் ஏற முடியாது."

ஹிட்லர் படை பிராகாவுக்குள் நுழைந்த வாரம் பணம் வந்தது. அதில் மிஞ்சியதைக் கொண்டுதான் முதல் கராஜுக்கு முன்பணம் கட்டினேன். ஆகவே அந்த நான்கு பலகைகளிலும் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு பெயரும் இருக்கிறது.

குப்பி கொடுத்த வீடுகளுக்கெல்லாம் ஐடாவும் நானுமாக நடந்து, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, கடைசியாகப் பால்பண்ணைக்குப் போனோம். கூடை கூடையாக ஆப்பிளை எதிர்பார்த்திருந்த வுட்கே கதவருகே நின்றார்.

"காசாவா?" என்றார்.

"காசாத்தான். இன்னைக்கு வியாழக்கிழமை, பாவமில்ல" என்றார் ஐடா. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயே எண்ணுடா. சத்தமா எண்ணு, தெருவுக்கே கேக்கட்டும்."

வுட்கே கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். நான் ஒவ்வொரு ஷில்லிங்காக, உரக்கச் சொல்லிச் சொல்லி, அந்த உள்ளங்கையில் வைத்தேன்.