புனிதா அக்கா நீக்கிய அளவு

படகுத்துறையில் காலை நீர்மட்டத்தை எழுதிக்கொண்டிருந்தபோது புனிதா அக்காவின் தம்பி போன் செய்தார். "அக்கா போய்ட்டாங்கம்மா" என்றார். மருத்துவமனையிலிருந்து திரும்பிவிடுவார் என்றே நினைத்திருந்தேன்.

இந்த அஞ்சலியைப் படிக்கிற, அக்காவை அறிந்த உங்களுக்கு அவர் வேலை தெரியும். ஜெராம் பக்கத்துக் கடலைக் கணினிக்குள் அமைத்து, கடல் பெருக்கு நாளில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று படம் போடுவார். படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்ட என்னை, சுங்கை செம்பிலாங் படகுத்துறையில் நீர்மட்ட அளவுக்கம்பைப் பார்த்து எழுத வைத்தவர் அவர்தான். "உன்ன விட அந்தக் கம்பு அதிகமா பேசுது லா" என்று சிரிப்பார். முதல் நாள் சொன்னது ஒன்றுதான்: "பாத்தத எழுது. நெனச்சத எழுதாத."

அவருடைய கணினித் திரையில் கடல் ஒரு கோட்டோடு முடிந்திருந்தது. "அங்க சுவரா அக்கா?" என்று கேட்டேன்.

"சுவர் இல்ல, தொறந்த எல்லை. அதுக்கு அந்தாண்டையும் கடல் இருக்கு, கம்ப்யூட்டருக்குத்தான் தெரியாது. வெளிய இருந்து எவ்ளோ தண்ணி வருதுன்னு நாமதான் சொல்லணும். கம்மியா சொன்னா, உள்ள எல்லாமே கம்மி."

காற்று பலமாக அடித்த ஒரு காலை, தண்ணீர் கணினி சொன்னதைவிட ஒரு சாண் மேலே நின்றது. மூன்று முறை பார்த்து எழுதினேன். தாளைத் தயங்கித் தயங்கி அக்காவிடம் நீட்டினேன். "நீ எழுதுனதுதான் சரி. காத்து தள்ளுற தண்ணிய நான் எல்லையில சேக்கல. சேத்துடுறேன்" என்றார். அன்றுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

பிறகு அதேபோல் காற்றடித்த பெருக்கு நாளில் அப்பா சாமான்களைக் கட்டில்மேல் ஏற்றத் தொடங்கினார். "அக்கா படத்துல நம்ம வீடு காஞ்ச எடம்பா. என் அளவும் அதுல இருக்கு" என்று நான்தான் தடுத்தேன். கடல் மண்கரையைத் தாண்டி வீட்டுக்குள் வந்தது. அம்மாவின் தையல் மெஷின் வீணானது. அப்போதும் நான் அக்காவைச் சந்தேகப்படவில்லை.

காரியம் முடிந்தபின் அவருடைய குறிப்பேடுகளை அடுக்கச் சொன்னார்கள். நான் ஒரு சாண் கூடுதலாக எழுதிய அந்தக் காற்றடித்த நாளின் பக்கத்தில் அக்காவின் கையெழுத்து: "பிள்ளை தப்பாகப் பார்த்திருக்கிறாள். நீக்கிவிட்டேன். எல்லையில் மாற்றமில்லை." அந்த ஒரு சாண் தண்ணீர் சேராத படத்தை நம்பித்தான் அப்பாவைத் தடுத்திருக்கிறேன்.

தப்பு என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். அவரைக் கூட்டிப்போய், கம்பில் ஈரம் நின்ற இடத்தைக் காட்டியிருப்பேன். என் கூச்சத்துக்கு இரங்கிப் பொய் சொன்னாரோ என்னவோ. அந்த இரக்கத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"அக்கா அஞ்சலிக்கு நல்லதா நாலு வரி எழுதும்மா" என்றார் தம்பி. மழையில் தன் குடையை எனக்குக் கொடுத்துவிட்டு நனைந்து போனவர் அக்கா. அதையும் நான் பார்த்தேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது "பாத்தத எழுது" என்ற அந்த முதல் நாள் சொல்லை மட்டும்தான். அவர் அதைக் கைவிட்டார். நான் பார்த்ததை எழுதியிருக்கிறேன்.