அண்ணன் போன கால்வாய்ப் பாதை

அண்ணன் காணாமல் போய் ஒரு வருடமும் எட்டு மாதமும் ஆகியிருந்தபோது, அண்ணி எனக்குப் போன் செய்து, "வர்ற ஞாயித்துக்கிழமை என்னையும் மேல கூட்டிட்டுப் போ," என்றார்.

அத்தனை நாளில் அவர் ஒருமுறைகூட அந்த மலையில் கால் வைத்ததில்லை.

எங்கள் தீவில் பாலிக் புலாவ் என்ற ஊருக்குப் பக்கத்து மலையில் ஒரு பழைய கால்வாய் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் மேலேயிருக்கும் ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவர மலையின் விலாவை வெட்டி, சிமெண்ட் பூசிக் கட்டியது. இப்போது பாதி இடத்தில் தண்ணீர் ஓடுகிறது, பாதி இடத்தில் இலையும் மண்ணும்தான். அதன் கரை ஓர் அடி அகலம் இருக்கும். அதன் மேலேயே நடக்கலாம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் மரங்கள் அடர்ந்த பள்ளம், அதற்கும் கீழே ஓடைச் சத்தம். அண்ணன் பதினைந்து வருடமாக ஞாயிறுதோறும் தனியாக அங்கே நடக்கப் போவார். மதியத்துக்குள் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிடுவார். அந்த ஞாயிறு வரவில்லை.

அவருடைய மோட்டார் சைக்கிள் மலையடிவாரத்தில் ரம்புத்தான் மரத்தடியில் பூட்டியபடி நின்றது. தீயணைப்புப் படை வந்தது, போலீஸ் வந்தது, டுரியான் பழத்தோட்டத்து ஆட்கள் பாராங் கத்தியோடு வந்து புதரையெல்லாம் வெட்டிப் பார்த்தார்கள். ஒரு நாயைக் கொண்டுவந்தார்கள். அது ஓடைவரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. ஒரு செருப்பு, ஒரு தண்ணீர் போத்தல், ஒரு துண்டுத் துணி, எதுவும் கிடைக்கவில்லை. இரண்டு வாரத்தில், தேடுகிறவர்களுக்காக அடிவாரத்தில் போட்டிருந்த கூடாரத்தைக் கழற்றிவிட்டார்கள். அந்த இரண்டு வாரமும் அண்ணி கூடாரத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேலே ஏறுங்கள் என்று யாரும் சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை.

அதற்குப் பிறகும் நான் போய்க்கொண்டுதான் இருந்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பொம்பளை ஆள் தனியாக. எதைத் தேடினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எலும்பு என்று நினைத்துக்கொள்ளவே எனக்குப் பல மாதங்கள் ஆயின.

அண்ணி ஏன் இப்போது கேட்கிறார் என்பது எனக்குத் தெரியும். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு சிம்பாங் அம்பாட். நல்ல மனிதர்கள். பத்திரிகை அடிக்க வேண்டும் என்று மாதிரி எழுதிக்கொண்டு வந்தபோது பெண்ணின் தகப்பனார் பெயருக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். 'திரு' என்று போடுவதா, 'காலஞ்சென்ற' என்று போடுவதா? மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகத்தான் கேட்டார். அண்ணி தாலியைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு, "ரெண்டு வாரம் டைம் கொடுங்க," என்றார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவருடைய அடுக்குமாடி வீட்டின் கீழே போய்க் காரை நிறுத்தினேன். மலையேறக் காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கியிருந்தார். அண்ணனுடைய தொழிற்சாலை விளையாட்டுப் போட்டிக்குக் கொடுத்த பழைய டீசட்டையைப் போட்டிருந்தார். கையில் நாசி லெமாக் சோறு இரண்டு பொட்டலம்.

தோட்டத்தின் ஊடே போகும் பாதையில் டுரியான் மரங்களுக்குக் கீழே வலை கட்டியிருந்தது. பழம் விழுந்து உடையாமலிருக்க. அண்ணி ஒவ்வொரு வலையையும் நின்று பார்த்தார். பாதை ஓடையைத் தொடும் இடத்திலிருந்து கேள்விகள் ஆரம்பித்தன.

"இந்தப் பாறைக்கு அடியில தேடுனாங்களா?"

"தேடுனாங்க அண்ணி."

"மூங்கிலுக்குள்ள?"

"வெட்டியே பாத்தாங்க."

"அந்தப் பக்கம்?"

"நானே போய்ப் பாத்தேன்."

சாட்சி விசாரிப்பதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் தலையாட்டினார். நான் ஏதோ ஓர் இடத்தில் 'இல்லை, அங்கே தேடவில்லை' என்று சொல்லிவிட மாட்டேனா என்று எதிர்பார்த்தார் என நினைக்கிறேன். அப்படி ஓர் இடம் எனக்கும் மிச்சமில்லை.

ஒரு மணி நேரம் ஏறிய பிறகு கால்வாய் வந்தது. அண்ணி கரையில் கால் வைத்ததும் பயந்துவிட்டார். மலைப்பக்கம் கையை ஊன்றி, நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்தார். கால்வாய்க்குள் முழங்கால் ஆழத்துக்குத் தெளிந்த தண்ணீர். சின்ன மீன்கள் அசையாமல் நின்றன. பழைய இரும்பு மதகு ஒன்று துருப்பிடித்துத் திறந்த வாக்கில் இறுகிப்போயிருந்தது. அதைத் தாண்டினால் கரை உடைந்த இடம். யாரோ மரத்துக்கு மரம் கயிறு கட்டியிருந்தார்கள்.

அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணி கீழே எட்டிப் பார்த்தார்.

"இங்கேர்ந்து விழுந்தா?"

"கீழ பாறைதான். கயிறு கட்டி எறங்கிப் பாத்தாங்க. மூணு தடவ."

"அப்ப எங்கதான்லா போனாரு அந்த மனுஷன்?" என்று கத்தினார். இத்தனை நாளில் அவர் கத்தி நான் கேட்டது அன்றுதான். கயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் அவருடைய சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

எதிரே வயதான சீனர் ஒருவர் குச்சியை ஊன்றிக்கொண்டு வந்தார். அவரை நான் பல ஞாயிறுகளில் பார்த்திருக்கிறேன். பெயர் தெரியாது. அண்ணனின் படம் போட்ட நோட்டீஸை நான் ஒட்டிக்கொண்டிருந்தபோது, அதன் ஓரத்தைப் பிடித்து உதவியவர். எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, "பெலும் ஜும்பா?" என்று மலாயில் கேட்டார். இன்னும் கிடைக்கலையா என்று. நான் தலையசைத்தேன். அண்ணியைப் பார்த்தார், அண்ணன் நடக்க வரும்போது போட்டிருந்த அந்தச் சட்டையைப் பார்த்தார். மனைவி என்று புரிந்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றி ஒரு கணம் நின்றுவிட்டு, நாங்கள் தாண்டிய பிறகுதான் மறுபடி போட்டுக்கொண்டார். அந்தத் தொப்பி என்னவோ அண்ணியை உடைத்துவிட்டது. அதுவரை அழாதவர், அங்கிருந்து கால்வாய் தொடங்கும் இடம்வரை சத்தமில்லாமல் அழுதுகொண்டே நடந்தார்.

கால்வாய் தொடங்கும் இடத்தில் ஓடையின் குறுக்கே ஒரு சின்ன அணை. அங்கே பாறைமேல் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். நல்ல நிழல். தண்ணீர் சலசலவென்று விழுந்தது. வேறு ஒரு நாளாக இருந்தால் அழகான இடம் என்றிருப்பேன்.

அண்ணி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிறுத்தினார்.

"போலீசுகிட்ட நான் ஒண்ணு சொல்லல," என்றார். "அன்னிக்குக் காலையில உங்கண்ணன் போர்வைய மடிச்சு வெச்சிட்டுப் போனாரு. இருபத்தாறு வருஷத்துல அவரு போர்வைய மடிச்சதே இல்ல."

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன்.

அண்ணனுக்கு வேலை போய் அப்போது மூன்று மாதம். தொழிற்சாலையை வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஐம்பத்து மூன்று வயதில் அவர் இண்டர்வியூவுக்குப் போய், தன் மகள் வயதுப் பெண்ணின் முன்னால் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"அவரு வழி தவறிப் போனாரா, இல்ல தானாவே போனாரா? அது மட்டும் தெரிஞ்சா போதும் எனக்கு," என்றார் அண்ணி. "வழுக்கி விழுந்தாருன்னா காலஞ்சென்றவருன்னு போட்டுக்கலாம். தானா போனாருன்னா என்னான்னு போடறது? எங்கள வேணாம்னு போனவரு பேர என்னான்னு சொல்லிப் போடறது?"

அப்போது நான் வாயைத் திறந்திருக்கக்கூடாது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப்போவதாக நினைத்துக்கொண்டேன். உண்மையில், அவர் போர்வைச் சுமையை இறக்கிவைத்ததும் நானும் என் சுமையை இறக்கிவைக்க அவசரப்பட்டேன், அவ்வளவுதான்.

"அண்ணி, அன்னிக்கு அண்ணன் எனக்குப் போன் அடிச்சாரு."

"தெரியும். போன் சத்தம் கேக்கலன்னு நீ சொன்னியே. போலீசுகூடச் சொன்னாங்க."

"கேட்டுச்சு அண்ணி."

அவர் என்னைப் பார்த்தார்.

"கையிலதான் இருந்துச்சு. அவரு பேரப் பாத்தேன். அப்புறம் பேசிக்கலாம்னு விட்டுட்டேன். ஒடனே இன்னொரு தடவ அடிச்சாரு. அதையும் விட்டுட்டேன்."

அந்த மாதங்களில் அண்ணன் தினமும் எனக்குப் போன் செய்வார். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, யாரும் கூப்பிட்டு வேலை கொடுக்கவில்லை. ஒரே பேச்சு. நானும் தினமும் ஒரே பதில் சொல்வேன். அன்றைக்கு ஒருநாள் மட்டும் அந்தப் பேச்சு வேண்டாம் என்று தோன்றியது. இதையெல்லாம் அண்ணியிடம் சொன்னேனா, மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டேனா, இப்போது நினைவில்லை.

"எத்தன மணிக்கு?"

"ஒம்பது நாப்பது."

"என்ன செஞ்சிக்கிட்டிருந்த?"

"லிட்டில் இந்தியா கடைத்தெருவுல இருந்தேன். சேல பாத்துக்கிட்டிருந்தேன்."

"என்ன சேல?"

"நீலம்," என்றேன்.

அண்ணி பொட்டலத்தை மடித்து ரப்பர் போட்டார். எழுந்தார். கால்வாய்க் கரையில் ஏறி, வந்த வழியே நடக்கத் தொடங்கினார். இந்தத் தடவை மலைப்பக்கம் கையை ஊன்றவில்லை. நேராக, வேகமாக நடந்தார். நான் பின்னால் ஓடவேண்டியிருந்தது. பாதி வழியில் தூறல் விழுந்தது. கயிறு கட்டிய இடத்தில் அவருடைய புதுச் சப்பாத்து வழுக்கியது. நான் கை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், ஒரு வேரைப் பிடித்து எழுந்துகொண்டார்.

வீட்டின் கீழே கார் நின்றதும் உடனே இறங்கவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். நானா இருந்தாலும் எடுத்திருப்பேனான்னு தெரியாது. ஆனா எடுத்திருந்தா என்ன சொல்லியிருப்பாருன்னு இனிமே தெனமும் யோசிப்பேன். உன் மொகத்தப் பாத்தா ஜாஸ்தி யோசிப்பேன். கொஞ்ச நாளைக்கு வராத."

"அண்ணி, தொலைஞ்சு போயி வழி கேக்கறதுக்குக்கூட அடிச்சிருக்கலாம்..."

"அதத்தான் சொல்றேன்," என்றார். கதவைத் திறந்து இறங்கிப் போனார்.

வழி தெரியாமல் அடித்தார் என்றால், நான் எடுத்திருந்தால் ஆள் அனுப்பியிருக்கலாம். விடைபெற அடித்தார் என்றால், ஒரு வார்த்தை பேசி நிறுத்தியிருக்கலாம். எந்தப் பக்கம் புரட்டினாலும் என் கைதான் அங்கே இருக்கிறது. அன்று காருக்குள் உட்கார்ந்து இதை நினைத்தேன். இன்றைக்கும் இதைத் தாண்டி ஓரடி நகரவில்லை.

பத்திரிகை எனக்குக் கைப்பேசியில் வந்தது. அண்ணன் மகள் அனுப்பியிருந்தாள். காலஞ்சென்ற என்றுதான் போட்டிருந்தார்கள். அதற்கு முன்பே காரியம் முடிந்துவிட்டது என்பதும் அவள் சொல்லித்தான் தெரியும். உடல் இல்லாதவர்களுக்குத் தர்ப்பைப்புல்லில் ஓர் உருவம் செய்து எரிக்கலாம் என்று ஐயர் சொல்லியிருக்கிறார். அண்ணியின் தம்பிமார் முன்னின்று செய்திருக்கிறார்கள். கடலில் கரைத்திருக்கிறார்கள். "அத்த, அம்மா உங்களுக்குச் சொல்ல வேணாம்னாங்க. நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல," என்று போனில் அழுதாள். நான், "பரவாயில்லமா, நல்லா செஞ்சீங்களா?" என்று கேட்டேன். புல்லில் செய்த அண்ணன் எத்தனை உயரம் இருந்தார் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

கல்யாணத்துக்குப் போனேன். தாரை வார்த்தது அண்ணியின் பெரிய தம்பியும் அவர் மனைவியும். அண்ணி மேடைக்குக் கீழே இரண்டாவது வரிசையில், வெற்று நெற்றியோடு, வெற்றுக் கழுத்தோடு உட்கார்ந்திருந்தார். மனைவி என்றும் இல்லாமல் விதவை என்றும் இல்லாமல் அவர் தவித்த தவிப்பு அந்தக் கோலத்தில் முடிந்துபோயிருந்தது. கொஞ்சம் இளைப்பாறியவர்போலக்கூடத் தெரிந்தார். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு மேசையாக விசாரித்துக்கொண்டு வந்தவர், என் மேசைக்கும் வந்து, "சாப்பிட்டியா?" என்றார். "சாப்பிட்டேன் அண்ணி," என்றேன். அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. கொஞ்ச நாள் என்று அவர் சொன்னது இரண்டு வருடமாகிறது.

கல்யாணத்துக்கு அப்புறமும் இரண்டு தடவை மலைக்குப் போனேன். எரித்துக் கரைத்தாகிவிட்ட ஒருவரை எங்கே தேடுவது என்று புரியவில்லை. புதரை விலக்கும்போது கை கூசியது. ஏதாவது கிடைத்துவிட்டால் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? மூன்றாவது தடவை அடிவாரத்தில் காரை நிறுத்தி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். வேலை செய்யும் அறைக்குச் சன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்று சாயங்காலம் வெளியே வரும்வரை தெரிவதில்லை.