முன்பாதி தனசேகரனுக்கு, பின்பாதி எனக்கு

தனசேகரன் இறந்த செய்தியை அவர் மனைவி வள்ளி தொலைபேசியில் சொன்னார். "அண்ணா, அவரு போய்ட்டாரு. வர்றதுன்னா வாங்க. சண்ட கிண்ட வேணாம்."

என் முன்பல்லை உடைத்த மனிதருக்கு நான் அஞ்சலி எழுதுவதில் அவரை அறிந்த சேகரிப்பாளர்களான உங்களுக்கு வியப்பிருக்காது. உங்களில் சிலரும் அவர் கையால் அடி வாங்கியவர்கள்தான்.

திருப்போரூரில் வேன் ஓட்டிய அவரும், செங்கல்பட்டில் ஆசிரியனான நானும் பழைய விஞ்ஞானக் கற்பனைத் திரைப்பட இதழ்களைச் சேகரித்தோம். தொண்ணூறுகளில் வெளிநாட்டுப் பயணிகள் மாமல்லபுரம் விடுதிகளில் விட்டுச்சென்றவை அங்கிருந்த பழைய பேப்பர் கடைக்கு வரும். மூட்டை அவிழ்ந்ததும் முதலில் கை வைத்தவருக்கே சொந்தம் என்பது கடையின் சட்டம். தனசேகரன் கையை மூட்டையில் வைக்கும்போது முழங்கையை என் விலாவில் வைப்பார்.

ஒருநாள் இருவர் கைகளும் ஒரே இதழில் விழுந்தன. அட்டையில் ஒரு கடல் மிருகம் நகரத்தை நசுக்கிக்கொண்டிருந்தது.

"உடு வாத்தியாரே."

"நீங்கள் விடுங்கள்."

"பல்லு பேந்துடும்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றும் மனிதர். என் பல் விழுந்தது. இதழ் நடுவில் குத்தியிருந்த கம்பிப் பின்னோடு இரண்டாகக் கிழிந்தது. கடைக்காரர் ரத்தத்தைத் துடைத்துவிட்டு இரு பாதிகளையும் தனித்தனியாக எடைபோட்டார். உள்ளே இருந்த படக்கதையில், மிருகம் எங்கிருந்து வந்தது என்பது தனசேகரனிடம் போயிற்று. எப்படிச் செத்தது என்பது என்னிடம் வந்தது.

அதன்பின் பல ஆண்டுகள், சாலையில் என்னைக் கண்டால் வேனை நிறுத்திவிடுவார். "அது எப்டி சாவுது? அத்த மட்டும் சொல்லு."

"முன்பாதியைக் கொடுங்கள்."

இறங்கி வந்து என் சட்டையைப் பிடிப்பார். வேனுக்குள் அணு ஆராய்ச்சி நிலையத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் பொறுமையாகக் காத்திருப்பார்கள். ஒருமுறை நான் டிபன் கேரியரால் அடித்ததில் அவர் புருவத்தில் தையல் போட வேண்டியதாயிற்று. மறுவாரம் தழும்பைக் காட்டி, "நல்லா எறக்கிட்டே. அடிச்சுப் புடுங்கலன்னா அந்தப் பொருளுக்கு இன்னா மரியாத?" என்றார். சேகரிப்புக் கலை பற்றி இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

சாவு வீட்டில், அவருடைய கட்டிய கைகளுக்கடியில் இதழின் முன்பாதி இருந்தது. "கூட வச்சு எரிக்கணுமாம். வாத்தியாருக்குக் கெடைக்கக் கூடாதாம்," என்றார் வள்ளி.

மாலை போடுவதாகக் குனிந்து அதன் ஓரத்தைப் பிடித்தேன். விறைத்த விரல்கள் விடவில்லை. பின்னாலிருந்து அவர் மைத்துனன் என் காலரை இழுத்தான். "பொணத்தாண்ட வந்து திருடறியா?" மூவர் இழுத்தால் எந்தத் தாள் தாங்கும்? கிழிந்தது. நாற்காலியோடு விழுந்தேன். உதடும் கிழிந்தது.

எழுந்து, வேறென்ன செய்வதென்று தெரியாமல், தனசேகரன் காதருகே குனிந்து சொன்னேன். "பீரங்கி, விமானம், எதனாலும் சாகவில்லை. கடைசியில் கரையில் படுத்துத் தானாகச் செத்துவிடுகிறது."

மைத்துனன் கையை எடுத்துவிட்டான். வள்ளி என்னைப் பார்த்தார். "இத்தச் சொல்லவா இத்தினி வருசம்?"

பின்பாதி என்னிடம் இருக்கிறது. பல்லிருந்த இடைவெளி இருக்கிறது. சாவு வீட்டில் கிழிந்த விரலளவுத் துண்டும் இருக்கிறது. அதில் மிருகத்தின் நகம் எதையோ பற்றியிருக்கிறது. எதை என்பது தனசேகரனோடு எரிந்துவிட்டது.