மிச்சப் பெட்டி

இது பயமுறுத்துவதற்காகக் கட்டிவிட்ட கதை இல்லை. நடந்தது. அதுவும் ராத்திரியில் இல்லை... பட்டப்பகலில், மதியம் 3:12க்கு. செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் என்னோடு வேலை பார்க்கிற அக்காவுக்கு.

அக்காவுக்கு இரண்டு மணிக்கு வேலை முடியும். வீட்டுக்குப் போனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். கட்டை கட்டையாக அடுக்கி வீடு, கோட்டை, ஊர் என்று கட்டுகிற அந்த கேம்தான். ஆனால் அக்காவுக்குக் கோட்டை மேலெல்லாம் ஆசை கிடையாது. பொருள் சேகரிக்கிற அமைப்பு கட்டுவதில்தான் பைத்தியம். வானத்தை முட்டுகிற மாதிரி ஒரு கூண்டு. அதில் அரக்கர்கள் தானாக முளைத்து, கீழே விழுந்து சாவார்கள். அவர்கள் விட்டுப்போகிற எலும்பும் அம்பும் தண்ணீரில் மிதந்து வந்து, வரிசையாக வைத்த புனல்களில் இறங்கும். எலும்புக்கு ஒரு பெட்டி, அம்புக்கு ஒரு பெட்டி. எதிலும் சேராதது கடைசியில் இருக்கிற மிச்சப் பெட்டிக்குப் போகும். எல்லாம் ஒழுங்காக ஓடினால் அது காலியாகவே கிடக்கும்.

ஒரு திங்கட்கிழமை மதியம், 3:12க்கு, அது காலியாக இல்லை.

ஏழு ரொட்டி. ஒரு மரக் கோடாலி. ஒரு ஜோடி தோல் பூட்ஸ்.

அரக்கர்களிடம் ரொட்டி இருக்காது. அந்த கேமில் ஆடுகிற ஆள் செத்தால்தான் கையில் இருந்ததெல்லாம் இப்படிக் கொட்டும். அப்படியென்றால் யாரோ கூண்டில் ஏறி, விழுந்து, செத்திருக்க வேண்டும். ஆனால் அந்த உலகத்தில் ஆடுவது அக்கா ஒருவர்தான்.

சந்தேகம் நேராகக் கொழுந்தன் மேல் போனது. அவர்கள் வீட்டிலேயே தங்கி, இன்டர்நெட் கேபிள் இழுக்கிற வேலைக்குப் போகிறவன். அந்த கேமை ஏற்றிக் கொடுத்ததே அவன்தான்.

"என் கேம்ல யாரு தம்பி நுழையறது?"

"எனக்கென்ன அண்ணி தெரியும்? நான் கேபிள் இழுக்கறதா, கேம் ஆடறதா?"

சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பு அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

செவ்வாய், அதே 3:12. அதே கோடாலி, அதே பூட்ஸ். ரொட்டி மட்டும் ஆறு.

அக்கா பாஸ்வேர்டை மாற்றினார். புதன், ஐந்து ரொட்டி.

கூண்டுக்கு ஏறுகிற வழியைக் கல் வைத்து அடைத்தார். வியாழன், நான்கு.

தினம் ஒன்று குறைந்தது. யாரோ தின்றுகொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "உண்மையச் சொல்லுங்க தம்பி. நான் தனியா இருக்கிற நேரத்துல என்ன பண்றேன்னு வேவு பாக்கறீங்களா? உங்க அண்ணன் பாக்கச் சொன்னாரா?"

அவன் முகம் செத்துவிட்டது. தன் லேப்டாப்பையும் போனையும் எடுத்து மேசையில் வைத்தான்.

"ரெண்டும் உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணி. நான் இனிமே இங்க தங்கல." பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று மதியம் அக்கா அந்த இரண்டையும் ஆஃப் பண்ணி மடியில் வைத்துக்கொண்டார். இன்டர்நெட் ஒயரையும் கழற்றிவிட்டார். கேமில் மிச்சப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் முன்னாலேயே நின்றார். சத்தத்தை முழுசாகக் கூட்டினார்.

3:10. தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்.

3:11. மேலே... கல்லில் காலடி.

டக்... டக்... டக்...

வழியெல்லாம் அடைத்திருந்தது.

காலடி நின்றது.

3:12.

தொப்.

பெட்டியில் மூன்று ரொட்டி.



அப்புறம்...

பின்னால் ஒரு காலடி. கேமுக்குள்தான். ஒன்றே ஒன்று.

டக்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரின் கரண்ட் ஒயரைப் பிடுங்கிப் போட்டார். அப்போது மணி 3:13.

அடுத்த நிமிடமே கொழுந்தனின் முதலாளிக்குப் போன் போட்டு, அவனைக் கூப்பிடச் சொன்னார். "தப்பு என் மேலதான் தம்பி. மன்னிச்சிடுங்க. வேலை முடிஞ்சதும் வீட்டுக்கு வாங்க... எனக்குப் பயமா இருக்கு." அவன் சரியென்றான். வந்தான்.

7:13க்கு கரண்ட் ஒயரைச் செருகி, கேமுக்குள் போகாமல், அதன் கோப்புகளை மட்டும் திறந்தான். ஆடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு இருக்குமாம். ஒன்றுதான் இருக்க வேண்டும்.

இரண்டு இருந்தது. இரண்டாவதில் பெயர் இல்லை.

"செத்தவங்க திரும்ப எங்க எந்திரிப்பாங்கன்னு இதுல இடம் போட்டிருக்கும் அண்ணி. கடைசியா எந்தக் கட்டில்ல படுத்தாங்களோ, அங்க." அவன் மூன்று எண்களைப் படித்தான்.

அக்காவுக்கு அந்த எண்கள் மனப்பாடம். கேமில் அந்தப் பெட்டிகள் இருக்கிற அறையில், அவர் படுப்பதற்காகத் தானே போட்ட கட்டில் அது. பெட்டிகளைப் பார்த்து நின்றால் முதுகுக்கு நேர் பின்னால் இருக்கும்.

தினமும் விழுந்து செத்தது, தினமும் அங்கேதான் எழுந்திருக்கிறது.

"எவ்வளவு நேரம் ஆடியிருக்குன்னு பாருங்க தம்பி."

பார்த்தான். அக்கா ஆடியது 212 மணி நேரம். அது 216.

3:13லிருந்து 7:13 வரை, அந்த நாலு மணி நேரம், கம்ப்யூட்டர் அணைந்துதான் கிடந்தது.