கரி பூசிய வளையங்கள்

ஆர்.கே.பேட்டையில் அக்கா வீட்டுக்காரர், என் பாவா, விசைத்தறி வைத்திருந்தார். பத்தாவது முடித்ததும் அவரிடம்தான் தறி ஓட்டினேன். கல்யாணத்துக்குப் பிறகு, இரண்டாயிரமாவது வருஷம் தாண்டிய சமயம், திருத்தணிக்கு வெளியே ஒரு சின்ன கோட்டிங் கம்பெனியில் நானும் என் வீட்டுக்காரியும் சேர்ந்தோம். இரும்புச் சாமான்மேல் கரியை மெல்லிய தோலாகப் படிய வைப்பது அங்கே வேலை. தலைமுடியை விட மெலிசு. ஆனால் அரம் போட்டாலும் வழுக்கும்.

பாவாவுக்கு அது சிரிப்பு. "கரி பூசறதுக்கு கரண்டு, பம்பு, கேஸு வேறயா? உங்க அக்கா அடுப்புல சட்டி வெச்சா தானா பூசிக்கும்டா மச்சான்!"

அவர் தறியில் நூல் ஓடும் இரும்பு வளையங்களில் நூல் உரசி உரசிப் பள்ளம் விழும். அப்புறம் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதில் பூசிப் பார்க்கலாமே என்று கேட்டேன்.

"எடுத்துனு போ. கரி நின்னுச்சுன்னா நீ அங்கயே இரு. நிக்கலன்னா பேசாம தறிக்கு வந்துடு. உன் தறிய யாருக்கும் குடுக்காம வெச்சினு இருக்கேன்."

அவரை மீறி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் மலையைப் பார்த்தபடி இருக்கிற வீட்டையும், வீட்டுக்காரியோடு சேர்ந்து போய்வருகிற வேலையையும் விட மனசில்லை.

வளையங்களை அவள் மருந்துத் தண்ணீரில் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்துக் கொடுப்பாள். நான் உறை போட்ட கையால் தாங்கியில் மாட்டி, பெரிய இரும்புப் பெட்டிக்குள் வைப்பேன். பம்பு உள்ளிருக்கும் காற்றை இழுத்த பிறகு, கேஸைக் கொஞ்சமாக விட்டுக் கரண்டு கொடுத்தால், கண்ணாடி ஓட்டை வழியாகக் கத்தரிப்பூ நிறத்தில் ஒளி தெரியும். அதைத்தான் பிளாஸ்மா என்பார்கள். அந்த ஒளிக்குள்தான் கேஸில் இருக்கிற கரி பிரிந்து இரும்பில் ஒட்டும். எனக்குக் கை தானாகக் கூப்பிக்கொள்ளும்.

அன்று கிருத்திகை. வெளியே எடுத்த வளையத்தை நகத்தால் கீறியதும் கரி செதில் செதிலாக உதிர்ந்தது. முதலாளி பூதக்கண்ணாடியில் பார்த்தார். செதிலுக்கு அடியில் வெள்ளைப் பொடி.

"துண்ணூறு! மலையிலருந்து அப்படியே வந்துட்டீங்களா? எல்லாரும் போய் மூஞ்சி கழுவுங்க!"

முருகா, மன்னிச்சுக்கோ என்று சொல்லிக்கொண்டே நெற்றி விபூதி போகச் சோப்புப் போட்டோம். மறுபடி பெட்டியில் ஏற்றி எடுத்தபோதும் உதிர்ந்தது. பாவாவின் தறிச் சத்தம் காதிலேயே கேட்டது.

அவள்தான் மெதுவாகச் சொன்னாள். "சார், நாங்க கழுவிட்டோம். நீங்க பெட்டிய மூடறதுக்கு முன்னாடி கதவுக்கு உள்பக்கம் மூணு பட்டை போடறீங்களே..."

முதலாளி கிருத்திகை அன்று ஒவ்வொரு தடவையும் பயபக்தியோடு செய்வது அது. பம்பு ஓடினால் அந்தப் பொடி பறக்காமல் என்ன செய்யும்? அவர் முகம் வாடிவிட்டது.

"சாமி பிரசாதம் தூசாம்மா?"

"நமக்கு இல்ல சார். மிஷினுக்கு இன்னா தெரியும்?"

கதவிலிருந்த பட்டையை ஒரு தடவை பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். கதவு உள்பக்கத்தை அவரே துடைத்தார். "கண்ணாடிக்கு வெளிய ஒரு பொட்டு வெச்சுக்கலாமா?" என்று அவளிடமே கேட்டார். "ஆங், தாராளமா வெச்சுக்குங்க சார்," என்றாள், பெரிய மனுஷி மாதிரி.

இந்தத் தடவை நகத்துக்கும் உதிரவில்லை, கத்திக்கும் உதிரவில்லை. வளையங்களைப் பாவாவிடம் கொடுத்துவிட்டு, அடுத்த கிருத்திகை வரை அந்தப் பக்கமே போகவில்லை. பயம்தான்.

அந்தக் கிருத்திகைக்கு மலைக்கு வந்த பாவா நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு வளையத்தை எடுத்து வைத்தார். பள்ளம் இல்லை, கறுப்பு அப்படியே மினுமினுத்தது.

"மத்த தறிக்கும் போட்டுக் குடு," என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "உன் தறியில நேத்துலருந்து பள்ளிப்பட்டுக்காரன் ஒருத்தன் ஓட்டறான். உங்க அக்கா அழுதுகினு இருக்கா. நீயே வந்து சமாதானம் பண்ணு," என்றார்.

என் வீட்டுக்காரி உள்ளே போய் அவருக்கு இலை போட்டாள்.